பி சாவி ரோசம்மாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் ஆலைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கேட்டில் மனை எண் மட்டும் இருக்கும். இரும்பு உருக்கும் கம்பெனிக்கும் பெயிண்ட் கிடங்குக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத வெள்ளைக் கட்டடம். பஸ்ஸில் போகிறவர்கள் மருந்துக் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே நாங்கள் செய்வது வங்கி அட்டை. ஏடிஎம் கார்டு என்று எல்லோரும் சொல்கிற அதே அட்டைதான். எந்த வங்கி கேட்டாலும் செய்து தருவோம். மூலையில் விசா என்றோ வேறு கம்பெனியின் பெயரோ இருக்கும்.

எங்கள் சீருடைக்குப் பாக்கெட் இல்லை. சாப்பாட்டுப் பை கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிகிற பை. பெயரும் எண்ணும் இன்னும் ஏறாத வெற்று அட்டைகளை வைத்திருக்கும் அறையை வால்ட்டு என்போம். அதன் கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ரகசிய எண். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கக் கூடாது. ஏ சாவி பொன்னேரி பீட்டரிடம் இருந்தது. பி சாவி மீஞ்சூர் ரோசம்மாளிடம். காலை ஆறு நாற்பதுக்கு இருவரும் கதவின் முன் நிற்பார்கள். ஒருவர் எண்ணை அழுத்தும்போது மற்றவர் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இவர்கள் வந்து திறந்தால்தான் உள்ளே நானூறு பேருக்கு வேலை ஓடும்.

ரோசம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. மீஞ்சூரில் அவரும் நானும் ஒரே பெண்கள் பெட்டியில் ஏறுவோம். நான் ஆலையில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். இங்கே எழுதியிருப்பதில் நான் பார்க்காததெல்லாம் ரயிலில் அவர் சொன்னது.

அவருடைய அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அனல்மின் நிலையமும் துறைமுகச் சாலையும் வந்தபின் நடவு குறைந்தது. அப்பா சாலை போடும் வேலைக்குப் போனார். ரோசம்மாள் பத்தாவது முடித்ததும் இறால் உரிக்கும் கம்பெனியில் சேர்ந்தார். ஐஸ் தண்ணீரில் விரல் ஊறி வெளுத்துப்போகும். இறாலின் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு ஒன்றுகூடத் தப்பக் கூடாது. எட்டு வருடம் அந்த நரம்பைப் பார்த்துப் பழகிய கண்தான் அவரை அட்டைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தது. 2007இல் ஆள் எடுத்தபோது நூறு அட்டைகளைக் கொடுத்து, கீறல் உள்ளவற்றைப் பொறுக்கச் சொன்னார்களாம். அதில் பன்னிரண்டு இருப்பதாக அதிகாரி குறித்து வைத்திருந்தார். ரோசம்மாள் பதினான்கு எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பதினான்கும் சரி.

அப்போது அவருக்கு வங்கிக் கணக்கே இல்லை. லட்சக்கணக்கான அட்டைகள் கை வழியாகப் போன பிறகு, 2011இல்தான் அவர் பெயருக்கு ஓர் அட்டை தபாலில் வந்தது. உறையைப் பிரித்ததும் பெயரைப் பார்க்கவில்லை. அட்டையின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். “மூணாவது லைன்ல ஓட்டுனது. என் ஷிப்டா கூட இருக்கும்” என்று கணவர் மோசஸிடம் சொன்னாராம். மோசஸ் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. “அப்போ நீ பண்ண கார்டுக்கு நீயே வருஷா வருஷம் சார்ஜ் கட்டப்போற” என்றார் அவர்.

2014 ஏப்ரலில் பி சாவி கிடைத்தது. அது மகளின் படிப்புச் சான்றிதழ் மாதிரி சுவரில் மாட்டி வைக்கிற பொருள் இல்லை. சாவி ஆலையை விட்டு வெளியே போகாது. சம்பளத்திலும் பெரிதாக எதுவும் ஏறவில்லை. ஆனாலும் ரோசம்மாளுக்கு அது பெரிது. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “எங்கம்மா ஊட்டுக்குப் பூட்டே இல்ல. பூட்டி வெக்க உள்ள இன்னா இருந்துச்சி? அந்த ஊட்டுப் பொண்ணு கைல இத குடுத்துக்கீறாங்க” என்றார்.

போன டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வழக்கம்போல வால்ட்டு வாசலில் அவர் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். பீட்டர் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றபடி கேட்டார்.

“ரோசம்மா, சோனியாவுக்கு எங்கியாச்சும் பாக்குறீங்களா?”

“எதுக்குண்ணே?”

“நம்ம ராபினுக்குத்தான்.”

ரோசம்மாள் கடைசி எண்ணையும் அழுத்தி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். பீட்டர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத மூஞ்சிய பாத்துக் கேக்க மாட்டீங்களா?”

“ரூல்ஸ்மா” என்றார் பீட்டர்.

சோனியா ரோசம்மாளின் ஒரே பிள்ளை. திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை. பீட்டரின் மகன் ராபின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஆய்வகத்தில் இருக்கிறான். இருவரும் ஆலையின் குடும்ப விழாவில் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் என்பதும், பீட்டர் தானாக வந்து கேட்கவில்லை, மகன் கேட்கச் சொல்லித்தான் கேட்டார் என்பதும் பிறகு தெரிந்தது. ரோசம்மாளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. மோசஸுக்கும்தான். ஒரே ஒரு சிக்கல். ஒரே வால்ட்டின் இரண்டு சாவிகளும் உறவுக்காரர்களிடம் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆலையின் விதி.

ஜனவரி முதல் ஞாயிறு பீட்டர் குடும்பம் மீஞ்சூருக்குப் பெண் பார்க்க வந்தது. பிப்ரவரி பதினெட்டு சாம்பல் புதன். அன்று லெந்து எனும் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை சபையில் கல்யாணம் நடக்காது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆராதனையில் சபைக்கு முன் அறிவிப்பதுதான் ஓலை. அதனால் அன்றைக்கே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் நினைத்திருந்தார்கள்.

காபி குடித்து முடித்ததும் பீட்டரின் மனைவி முத்தம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நக, பாத்திரம்னு நாங்க வாயத் தொறந்து எதையும் கேக்க மாட்டோம். உங்களுக்கு இஷ்டப்பட்டத செய்ங்க. ஆனா ஒண்ணு. கல்யாணம் ஆயிட்டா அந்த ரூம்ப நீங்க ரெண்டு பேரும் சேந்து தொறக்கக் கூடாதாமே?”

பீட்டர் காலி டம்ளருக்குள் பார்த்தார்.

“அப்படித்தான் சொல்றாங்க” என்றார் ரோசம்மாள்.

“அப்போ நீ உட்ரும்மா. பொண்ணு ஊட்டுக்காரங்கதானே உட்டுக் குடுக்கணும்?”

மோசஸ் சிரித்தார். “தட்டுல வெச்சி குடுத்துடலாமா? வெத்தல, பாக்கு, வாழப்பழம், பி சாவி.”

“நீங்க சும்மா இருங்கண்ணே. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. இவுரு சாவி இல்லாம ஊட்ல உக்காந்தா எனுக்குத்தான் பேஜாரு. சபைல கேப்பாங்க, இன்னா பீட்டரு, எறக்கிட்டாங்களாமேன்னு.” முத்தம்மா ரோசம்மாள் பக்கம் திரும்பினார். “நானும் தெரியாமதான் கேக்குறேன், ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சட்டம்?”

ஆலையில் வருடா வருடம் எல்லோருக்கும் ஒரு வகுப்பு உண்டு. அட்டை எப்படித் தோன்றியது என்று ஆங்கிலத்தில் ஒரு படம் போடுவார்கள். அதற்குத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான். ஆனால் அந்தக் கதையை ரோசம்மாள் என்னைவிட நன்றாகச் சொல்வார். அன்றைக்கும் சொல்லியிருக்கிறார்.

“அமெரிக்கால ஃப்ரெஸ்னோன்னு ஒரு ஊருக்கா. வெவசாய ஊரு, நம்ம பொன்னேரி பக்கம் மாதிரின்னு வெச்சிக்கோ. அறுவது, எழுவது வருஷத்துக்கு முன்னால ஒரு பேங்க்கு, அந்த ஊர்ல அறுவதாயிரம் பேருக்குத் தபால்ல அட்ட அனுப்பிச்சி. யாரும் கேக்கல, எழுதியும் போடல. கதவத் தொறந்தா அட்ட கெடக்குது. கடைல காட்டு, சாமான் வாங்கு, டப்பு அப்பறமா குடு.”

“கேக்காமயேவா? நல்ல பேங்க்கா கீதே.”

“நல்லாத்தான் இருந்துச்சி. பக்கத்து ஊருங்களுக்கும் அனுப்பனாங்க. தபால் பொட்டில கெடந்தத எவனோ எடுத்துக்கினு போயி சாமான் வாங்குனான். பேங்க்குலேந்தே சுட்டாங்கன்னும் சொல்றாங்க. வாங்குனவன்ல அஞ்சுல ஒருத்தன் திருப்பிக் கட்டல. கோடி கோடியா நஷ்டம். அத்தோட மூடிட்டுப் போயிருப்பாங்க. ஆனா மூடல. எங்க ஓட்ட கீதுன்னு பாத்துப் பாத்து அடச்சாங்க.”

பிறகு நடந்ததையும் அவர் சொன்னார். அந்த வங்கி தன் அட்டையை மற்ற ஊர் வங்கிகளுக்கும் கொடுத்தது. ஓர் ஊர் வங்கி கொடுத்த அட்டையை வேறு ஊர்க் கடையில் காட்டினால் யார் யாருக்குக் கொடுப்பது என்று வங்கிகளுக்குள் சண்டை வந்தது. அதனால் எல்லா வங்கிகளும் சேர்ந்து தனியாக ஒரு சங்கம் வைத்தார்கள். 1976இல் அதற்கு விசா என்று பெயர் வைத்தார்கள். எந்த நாட்டுக்காரன் வாயிலும் ஒரே மாதிரி நுழையும் பெயர்.

“விசான்னா ஏர்போர்ட்ல குத்துறதில்ல?” என்றார் முத்தம்மா.

“அது வேற. இது யாருக்கும் ஒரு ரூபா கடன் குடுக்காதுக்கா. அட்டையும் அது குடுக்குறதில்ல, பேங்க்குதான் குடுக்குது. கடக்காரனுக்கு ஒரு பேங்க்கு, வாங்குறவனுக்கு ஒரு பேங்க்கு. ரெண்டுக்கும் ஒண்ண ஒண்ணு தெரியாது. நடுவுல இது நின்னுக்கினு, நான் சொல்றேன், நம்பிக் குடுன்னு சொல்லும். அவ்ளோதான் அதுக்கு வேல. அதுலியே உலகம் பூரா போயிடுச்சி.”

“கல்யாணத் தரகர்னு சொல்லு. ரெண்டு பக்கமும் கமிஷன்” என்றார் முத்தம்மா.

“அப்படியேதான்!” என்றார் மோசஸ்.

ரோசம்மாள் தொடர்ந்தார். “முன்னாடி நம்பர் மேடா பொடச்சிக்கினு இருக்கும். புறா படம் ஒண்ணு இருக்கும், சாய்ச்சா றெக்க அசையும். அப்பறம் சிப்பு வந்துச்சி. இப்போ தொட்டாலே போதும். நான் வந்தப்பறமே எத்தினி மாறிடுச்சி. எல்லாம் எதுக்கு? திருட்டுக்குத்தான். வெளியேந்து வர்றவன் மட்டும் திருடல, உள்ள இருக்குறவனும் திருடுனான். அதான் ரெண்டு பூட்டு. ரெண்டு சாவி வெச்சிக்கினு இருக்குறவங்க ஒருத்தருக்கொருத்தரு வேண்டியவங்களா இருந்தா, ரெண்டு பூட்டும் ஒரு பூட்டுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்ததாம்.

பீட்டர் தொண்டையைச் செருமினார். “யாரும் எதையும் உட வேணாம். வருஷா வருஷம் கையெழுத்துப் போடுறோமே, அந்த ஃபாரத்துல இன்னா கீது? புருஷன், பொண்டாட்டி, அப்பா, அம்மா, புள்ள, கூடப் பொறந்தவங்க. அவ்ளோதான். சம்பந்தின்னு எங்க கீது? கேக்காதத நாம ஏன் சொல்லணும்?”

“எனுக்கு ஒரு வாரம் டைம் குடுங்கண்ணே” என்றார் ரோசம்மாள்.

ராபின் போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சோனியாவை ஒருமுறை பார்த்தான். சோனியா வாசல் பக்கம் வரவில்லை. ஜன்னலில் நின்றாள்.

அன்று மாலை அவள் அம்மாவிடம் சொன்னாள்: “எங்க வக்கீல் அடிக்கடி சொல்வாரும்மா. எழுத்துல இல்லாதது சட்டத்துல இல்லன்னு.”

“உங்க வக்கீல் கைல வால்ட்டு சாவி கீதா?”

“அப்போ அவங்க சொல்ற மாதிரி நீயே குடுத்துடு.”

அந்த வாரம் முழுக்க ரயிலில் அவர் அதிகம் பேசவில்லை. அனுப்பம்பட்டு தாண்டியதும் ஒருநாள், “உட்டுக் குடுத்துட்டா பொண்ணு நல்லா இருக்கும். சொல்லாம உட்டா ரெண்டு பேரு சாவியும் நிக்கும். ரெண்டும் சுளுவாத்தான் கீது” என்றார்.

வியாழக்கிழமை அந்த வருடாந்தர உறவினர் ஃபாரம் வந்தது. பாதுகாப்பு அதிகாரி ஹேமநாத்தின் அறையில்தான் என் மேசையும் இருக்கிறது. பீட்டர் காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உறவினர் யாரும் இல்லை என்ற கட்டத்தில் டிக் இருந்தது. ரோசம்மாள் ஷிப்டு முடிந்து வந்தார். ஃபாரத்தை வாங்கி, பேனாவை எடுத்து, எழுதாமல் மேசைமேல் வைத்தார்.

“சார், பீட்டரண்ணன் பையனுக்கு என் பொண்ண பேசிக்கினு கீறோம்.”

ஹேமநாத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மனிதர். முதலில் சந்தோஷப்பட்டார். பிறகுதான் முகம் மாறியது. ஃபாரத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தார்.

“அக்கா, இதுல சம்பந்தி வரலியே. இத ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல.”

“இப்ப உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சி சார்” என்றார் ரோசம்மாள்.

ஹேமநாத் நாற்காலியில் சாய்ந்து, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு என்னை அழைத்துத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் சம்பந்தி என்ற ஒரு சொல்லுக்கு ஒன்றரை வரி தேவைப்பட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பதில் வந்தது. பிள்ளைகளின் திருமணத்தால் வரும் உறவும் உறவுதான். இருவரில் பின்னால் சாவி பெற்றவர் வேறு பிரிவுக்கு மாற வேண்டும். பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ரோசம்மாள் 2014 ஏப்ரல். பீட்டர் அதே வருடம் ஆகஸ்ட். நான்கு மாத வித்தியாசம். பீட்டரைக் கழிவு அட்டைகளை அரைக்கும் அறைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் அந்த அறையில் சாவி கிடையாது. மாவு மெஷின் மாதிரி நாள் முழுக்க இரைச்சல் மட்டும்தான்.

அன்று மாலை ரயிலிலேயே முத்தம்மாவின் போன் வந்தது. ரோசம்மாள் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் எதிரில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் கேட்டது.

“இன்னா வேல பண்ணிக்கீற ரோசம்மா? உன்னிய நல்லவன்னு நெனச்சேன். யாரு மொதல்ல சாவி வாங்குனதுன்னு உனுக்குத் தெரியும். போயி சொன்னா யாரு எறங்குவாங்கன்னும் தெரியும். அதான் ஓடிப் போயி சொல்லிக்கீற. உன் நேர்மையக் கொண்டுபோயி குப்பைல போடு. ஓலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

போன் நின்றது. கீரைக்கார அம்மா, “சம்பந்தகாரங்களா?” என்று கேட்டார்.

“ஆவ இருந்தாங்க” என்றார் ரோசம்மாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் சோனியா அம்மாவோடு பேசவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விடுவாள். முதல் ஓலையை வரும் ஞாயிறு வாசிக்க வேண்டுமானால் வெள்ளிக்குள் இரண்டு பெயரையும் ஆயரிடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது ஓலை முடிவதற்குள் சாம்பல் புதன் நெருங்கிவிடும், கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகுதான். அதற்குள் பேச்சு ஆறிப்போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலையில் பீட்டர் ரோசம்மாளைப் பார்த்தால் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கூடவே வேலை செய்யும் ஜெரால்டு மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “இன்னா பீட்டரண்ணே, சம்பந்தி வர்றதுக்கு முன்னாடியே சீர் வந்துடுச்சி போல?” என்று கேட்டு, நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்து ரயிலேறியபோது, “நீ போ, நான் பொன்னேரில எறங்குறேன்” என்றார் ரோசம்மாள். கையில் பழம்கூட இல்லை.

அங்கே நடந்ததை மறுநாள் காலை சொன்னார்.

கதவைத் திறந்தது முத்தம்மாதான். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பீட்டர் பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரோசம்மாள் நின்றபடியே பேசினார்.

“அன்னிக்கு போன்ல ஒண்ணு கேட்டியேக்கா. யாரு எறங்குவாங்கன்னு எனுக்குத் தெரியும்னு. ஆமா, தெரியும்.”

முத்தம்மா இதை எதிர்பார்க்கவில்லை.

“அண்ணனுக்கு முன்னால இருந்தவரோட நான் நாலு மாசம் தொறந்துக்கீறேன். எப்படித் தெரியாம இருக்கும்? சொல்லும்போதே நெனப்பு வந்துச்சி. எறங்குனா அண்ணன்தான், நான் இல்லன்னு. நான்தான் எறங்குவேன்னு இருந்தாலும் போயி சொல்லியிருப்பேனான்னு ராத்திரியெல்லாம் கேட்டுப் பாத்தேன். சொல்லியிருப்பேன்னுதான் தோணுது. ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது. அத சொல்லத்தான் வந்தேன்.”

பீட்டர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“ஆனா பொண்ண குடுக்குறதுக்காவ சாவிய உட மாட்டேன்கா. அத கேக்காத. வேற எத கேட்டாலும் பேசலாம்.”

ராபின் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பீட்டர்தான் முதலில் வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்து.

“இந்தாம்மே. நாலு மாசம் நான் மொதல்ல வாங்கியிருந்தா இன்னா நடந்திருக்கும் தெரியுமா?”

“இன்னா?”

“ஃபாரம் வர்ற வரைக்கும்கூட நான் காத்துக்கினு இருக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம ராத்திரியே ஹேமநாத் சாருக்குப் போன் போட்டு, சார் விதின்னா விதிதான்னு சொல்லியிருப்பேன்.”

முத்தம்மா சிரித்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஆனால் தோள் குலுங்கியது. “த்தூ, வெக்கமில்ல இதச் சொல்ல?” என்றார். பிறகு ரோசம்மாளைப் பார்த்து, “இன்னாத்துக்கு நின்னுக்கினே கீற? உக்காரு” என்றார்.

உட்கார்ந்த பிறகும் அவர் உடனே இறங்கிவரவில்லை. மிக்சர் தட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே தன் கணக்கைச் சொன்னார். வழக்கப்படி கல்யாணம் பெண்ணின் சபையில், மீஞ்சூரில்தான் நடக்கும். அதுதான் பேச்சு. அது முடியாது. பொன்னேரியில், பீட்டரின் சபையில், எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும்.

“அங்கதான் இவுரு எறங்கிட்டாருன்னு பேசறாங்க. அங்கியே இவுரு கோட்டு போட்டுக்கினு மொதல் பெஞ்சில உக்காரணும்.”

ரோசம்மாள் யோசித்தார். மீஞ்சூர் சபையில் மோசஸ் பத்து வருடமாகக் காணிக்கைப் பை எடுப்பவர். மகள் கல்யாணம் அங்கே நடக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சாவி கொடுக்கவில்லை. சபையைக் கொடுக்கலாம். ஆனால் அது அவருடையது மட்டும் இல்லை. மோசஸுக்குப் போன் போட்டார். முத்தம்மா கேட்டதைச் சொன்னார். மோசஸ் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பொன்னேரில ஃபேன் நல்லா ஓடுமா கேளு.”

“ஓடும்னு சொல்லு” என்றார் முத்தம்மா.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோனியாவிடம் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. ராபின் அதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தான். ரோசம்மாள் வீட்டுக்கு வந்தபோது அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தட்டில் ஒன்று வைத்தாள். “சாம்பார் சூடு பண்ணவா?” என்று கேட்டாள். மூன்று நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை பெயர்கள் ஆயரிடம் போயின. ஞாயிறு இரண்டு சபையிலும் முதல் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, அதுவரை ஹேமநாத் வைத்திருந்த ஏ சாவி பூமிகாவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆலையில் ஆறு வருடமாக இருப்பவள். எண்ணிக்கையில் தப்பே வராது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சாவி கை மாறினால் இரண்டு பூட்டின் எண்களையும் மாற்ற வேண்டும் என்பதால் ரோசம்மாளுக்கும் புது எண். காலை வேலை எட்டரைக்குத்தான் ஓய்ந்தது. கேன்டீனில் நாஷ்டாவுக்கு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அரைக்கும் அறையிலிருந்து பீட்டரும் பொங்கல் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருந்தது. ரோசம்மாள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

பூமிகாவுக்கு ஏதோ கேட்க வேண்டியிருந்தது. ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, உங்க ஊட்ல கல்யாண வயசுல பையன் யாரும் இல்லையே?”

ரோசம்மாள் நிமிர்ந்தார். “ஏன்டி?”

“இல்லக்கா, சும்மா. சாவி இப்பத்தான் வந்துக்கீது. எங்கம்மா வேற எங்கெங்கியோ மாப்ள பாத்துக்கினு கீது.”

“பயப்படாம சாப்புடும்மா” என்றார் பீட்டர். “அவங்களுக்கு ஒரே பொண்ணு. அதையும் நான் எங்க ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடுறேன்.”

“இந்த வாய், அரைக்கிற ரூம்புல அந்தச் சத்தத்துல எப்படி ஓடுதோ” என்றார் ரோசம்மாள். “சாப்புடுங்க சம்பந்தி. பொங்கல் ஆறுது.”

பீட்டர் கரண்டியைக் கீழே வைத்தார். ஜெரால்டு உட்கார்ந்திருந்த மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவனுக்குக் கேட்டதா என்று. பிறகு புருவத்துத் தூளைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ரோசம்மாள் பக்கம் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.